நாற்பது மூட்டை உமி

மழை கண்டு நாலு வருஷம் ஆகியிருந்த ஓர் ஆவணி மாதத்தில் எங்கள் ஊஞ்சக்காட்டுப்புதூரில் கிழக்குத் தெரு நாட்ராயன் செத்துப்போனார், அவரைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் தலையை விரித்துப் போட்டார்கள், நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள், ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு கதறினார்கள், ஆனால் ஒருத்தி கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதே நேரத்தில் ஊருக்குத் தெற்கே மேட்டுக்காட்டில் தனியாக நிற்கும் பாவாத்தாளின் கோழிக் கொட்டகையில் மண் தரை கிழக்குச் சுவரோரமாக நனைந்து, பரப்பியிருந்த உமியெல்லாம் சொதசொதவென்று ஆனது. பாவாத்தாள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. அது எங்கள் கண்ணீர்தான் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை எங்கே போகிறது என்றே தெரியாமல் கிடந்த ஊர், கண்ணீர் எங்கே போகிறது என்றாவது தெரிந்ததே என்று சமாதானம் ஆகிவிட்டது. டவுன் கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், நாங்களும் விட்டுக்கொண்டோம், மருந்து கண்ணில் நின்றது, அழுகை கோழிக் கொட்டகைக்குப் போனது. கைக்குழந்தை அழுதால் உள்ளங்கை அளவு நனைந்தது, புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் அழுதால் ஒரு சொம்பு கவிழ்த்த மாதிரி நனைந்தது, வெங்காயம் அரிந்ததற்கும் அடுப்புப் புகைக்கும் நனையவே இல்லை, அந்தத் தரைக்கு அவ்வளவு விவரம் இருந்தது. கல்யாண வயதுப் பெண்கள் மை கலையாமல் அழலாம் என்று சந்தோஷப்பட்டார்கள். ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொள்ளும் அவசியம் இல்லாமல் எழவு வீடுகளில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

கஷ்டமெல்லாம் பாவாத்தாளுக்குத்தான். நாற்பத்திரண்டு வயது அவளுக்கு; கட்டிக்கொண்டவன் வேறொருத்தியோடு திருப்பூர் போய்விட, தாராபுரத்துப் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டில் ஏழு வருஷம் இருந்தாள், அந்த ஏழு வருஷமும் அண்ணன் பெண்டாட்டி அவளுக்குச் சோறு போட்ட விதத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் ஒரு நாள் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு அம்மா பேரில் இருந்த இந்தக் கால் ஏக்கருக்கு வந்து, கைக்கு அகப்பட்ட மரத்தையும் தகரத்தையும் நட்டுக் கொட்டகை போட்டு, ஒரு தடவைக்கு முந்நூறு நாட்டுக்கோழிக் குஞ்சு விட்டு வளர்க்க ஆரம்பித்தாள். கொட்டகை ஓடினால் அவள் தன் வீட்டில் தன் கையால் வடித்துத் தின்னலாம், ஓடாவிட்டால் அண்ணன் வீடு. வேறு போக்கிடம் கிடையாது. இது ஊருக்கே தெரியும்.

மண் தரையில் கோழி வளர்க்கிறவர்களுக்கு எதிரி நரியும் இல்லை, பருந்தும் இல்லை, ஈரம்தான். ஈரம் தங்கினால் உமி கட்டியாகும், கட்டியான உமியிலிருந்து கண்ணைக் கரிக்கும் நெடி கிளம்பும், குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும், காலையில் பார்த்தால் இறக்கை தொங்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டு நிற்கும், மாலையில் பாதி செத்திருக்கும். பாவாத்தாள் தெரிந்ததையெல்லாம் செய்தாள். விடிந்ததும் உமியைக் கிளறிவிட்டாள், சுண்ணாம்புத் தூள் தூவினாள், அடுப்புச் சாம்பல் கொட்டினாள், சுற்றிலும் வாய்க்கால் வெட்டினாள், தரையை அரையடி தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண் கொண்டுவந்து போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கினாள், ஒரு கைப்பிடி உமியை அள்ளி அழுத்தி அது உதிர்கிறதா உருண்டை பிடிக்கிறதா என்று நாளைக்கு நாலு தடவை பார்த்தாள். ஆனால் மேலேயிருந்தும் வராமல் கீழேயிருந்தும் வராமல் மனிதர்களிடமிருந்து வருகிற தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி என்ன பிரயோசனம். போதாக்குறைக்கு அது உப்புத் தண்ணீர். உப்பு இறங்கிய மண் ஒரு தடவை காய்ந்தாலும், காற்றில் கொஞ்சம் ஈரப்பசை இருந்தால் போதும், தானே இழுத்துக்கொண்டு மறுபடி கசியும். முதல் தடவை விட்ட முந்நூறில் நாற்பது தேறியது.

நாங்கள் அதற்குள் அந்தத் தரையை வழக்கத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டோம். சுடுகாட்டுக்குப் போய் வந்து குளித்தபின் நேராக வீட்டுக்குப் போகாமல் பாவாத்தாளின் கொட்டகைக்குப் போய்க் குனிந்து ஈரத்தைத் தொட்டுவிட்டுப் போவது என்று ஆனது, தொட்டவர்கள் சும்மா போகாமல் எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு போவது என்றும் ஆனது. இன்ன கிழவிக்கு நாலு முழம், இன்ன மாமனாருக்கு ஒரு சாண். மேற்குத் தெரு செங்கோடன், பெற்ற பிள்ளைகளையே கோர்ட்டுக்கு இழுத்தவர், அவர் செத்த அன்று தரை பொட்டுகூட நனையாமல் காய்ந்து கிடக்க, மூத்த மகன் சின்னராசு சம்பந்தி வீட்டார் வந்து தொடுவதற்குள் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டான். சம்பந்தி விவரமானவர், தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த மாதிரி வீட்டுக்காரர்கள் குடத்தில் ஒரு கை உப்பையும் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார்கள்.

"உங்க அப்பனுக்கு அழுவறதுக்கு என்ற கோழி சாவோணுமா?" என்று பாவாத்தாள் குடத்தைப் பிடுங்கி வெளியே எறிந்திருக்கிறாள். நாங்கள் சிரித்தோம். கோழிக்காரிக்கு வாய் அதிகம் என்றோம்.

இரண்டாவது தடவையும் பாதிக்கு மேல் போனது. அதற்குள் அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். ஊர் எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே தரையும் அமைந்திருந்தது. கிழக்குத் தெருவில் அழுதால் கிழக்கோரம் நனைந்தது, கோயில் வீட்டில் அழுதால் நடு மத்தியில், காலனியில் அழுதால் தெற்கே தீவனத் தொட்டிக்கு அடியில். ஈரத்தைக் காயவைக்க முடியாவிட்டால் ஈரத்தை வராமல் செய்யலாம் என்று அவள் கிளம்பிவிட்டாள். காலையில் நனைந்த இடத்தைப் பார்ப்பாள், அந்த வீட்டுக்குப் போவாள், புது மருமகள் அழுகிறாள் என்றால் மாமியாரிடம் சண்டை போட்டு அவளைத் தாய்வீட்டுக்கு இரண்டு நாள் அனுப்பி வைப்பாள், குடித்துவிட்டு அடிக்கிறவன் என்றால் வாசலில் நின்று மானத்தை வாங்குவாள், வைத்தியம் பார்க்காமல் கிடக்கிற கிழவர் என்றால் தானே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். கோழிக்காக வந்தாளா எங்களுக்காக வந்தாளா என்று நாங்கள் கிண்டல் செய்தோம். எதுவாக இருந்தாலும் அந்த ஆறு மாதம் எங்கள் ஊரில் அழுகை குறைந்திருந்தது நிஜம், அதை இப்போது சொல்லாவிட்டால் என்னைப் போன்ற நன்றி கெட்டவன் இருக்க முடியாது.

மூன்றாவது தடவைக் குஞ்சு விட்டு இருபது நாள் ஆனபோது வடமேற்கு மூலையில் ஈரம் கண்டது. சாவு ஒன்றும் இல்லை. முதல் நாள் உள்ளங்கை அளவு, மறுநாள் முறம் அளவு, அப்புறம் ஒரு ஆள் முடங்கிப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு, சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு போட்டால் மதியத்துக்குள் மறுபடி. குஞ்சுகள் அந்த மூலையிலிருந்து சாக ஆரம்பித்தன. ஊரின் வடமேற்கில் இருப்பது ஒரே வீடு, ரைஸ் மில் முதலாளி குழந்தைவேலின் மாடி வீடு. அவர் மகள் சிவரஞ்சனி, பத்தொன்பது வயது, கோயம்புத்தூரில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று ஆவணியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின மாதம் அவள் காலனிப் பையன் ஒருவனோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தாள் என்று ஒரு பேச்சு இருந்தது, அந்தப் பையனும் சொல்லாமல் கொள்ளாமல் கேரளாப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான், ஆகவே அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்பதை நாங்கள் நம்பினோம், அதாவது நம்பியதாக வைத்துக்கொண்டோம்.

பாவாத்தாள் ஒரு முற்பகலில் அந்த வீட்டுக்குப் போனாள். குழந்தைவேல் வராந்தாவில் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியின் கீழ்ப்படியில் ஒரு சோற்றுத் தட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியபடி இருந்தது.

"ஏனுங்ணா, உங்கூட்ல ஆரோ தெனமும் அழுவறாங்க" என்றாள். "என்ற கொட்டாய்ல வடமேக்கு மூலை காயவே மாட்டேங்குது. குஞ்சு அங்கிருந்துதான் சாவுது."

"எங்கூட்ல ஆரும் அழுவலையே, பாவாத்தா."

"தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தனுங்."

அவர் பேப்பரை மடித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள், அவளுக்கு அது வரும்.

"உமி பத்தலையாட்ட இருக்குது" என்றார். "ஈரம்னா உமிதான் நல்லாப் போடோணும். மில்லுல வீணாத்தான் கெடக்குது. நாப்பது மூட்டை அனுப்பி வெக்கறன், ஒரு அடி ஒசரத்துக்கு மெத்தையாட்டப் போட்டுக்க. இந்தத் தடவ குஞ்சு தேறலைன்னா நீ அண்ணனூட்டுக்குத்தான் போவோணும்னு பேசிக்கறாங்க. நம்மூர்ப் புள்ள அங்க போயி எதுக்குக் கஷ்டப்படோணும்?"

அவர் மனைவி மயிலாள் ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். பாவாத்தாள் வாங்கப் போனாள், மயிலாள் டம்ளரை விடவில்லை. இரண்டு கைகளும் ஒரே டம்ளரைப் பிடித்தபடி சற்று நேரம் இருந்தன, மயிலாளின் உதடு ஏதோ சொல்லத் திறந்தது, ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது, உதடு மூடிக்கொண்டது. பாவாத்தாள் டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, மோரைக் குடித்துவிட்டு, உமி எப்போது வரும் என்று கேட்டாள்.

உமி அன்று மாலையே டிராக்டரில் வந்து இறங்கியது. நாற்பது மூட்டையையும் அவள் ஒருத்தியாகவே பிரித்துக் கொட்டிப் பரப்பினாள், முழங்காலுக்குக் கீழே வரைக்கும் கால் புதைந்தது, பொன் நிறத்தில் மொறமொறவென்று, காலை வைத்தால் சத்தம் வருகிற உமி. குஞ்சுகள் புரண்டு மண் குளிப்பது போல அதில் குளித்தன. ஒரே வாரத்தில் நெடி நின்றது, கழிச்சல் நின்றது, சாவு நின்றது. அவள் தினமும் காலையில் வடமேற்கு மூலையில் மட்டும் முழங்கை வரை கையை விட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது, தினமும் இருந்தது, ஆனால் மேலே வரவில்லை. மேலே வராத ஈரத்தால் கோழிக்குக் கெடுதல் இல்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு தீவனம் போடப் போனாள். மற்ற வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள், தேவைப்படவில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கையை விட்டாள், மூலை காய்ந்திருந்தது. உள்ளங்கையை முழுசாக விரித்து வைத்தாள், நாலு பக்கமும் தடவினாள். மண் பொடியாக வந்தது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை அவளே பின்னால் எங்களிடம் சொன்னாள். அப்பாடா என்று சொல்லி, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்றப் போய், பாதி வழியில் நின்று, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு மணிக்கு எங்களுக்குச் சேதி வந்தது. சிவரஞ்சனி முந்தின நாள்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்தாளாம், வரும்போதே ஜுரமாம், அன்று ராத்திரியே போய்விட்டாளாம், கன்னிப் பெண் என்பதால் வைத்திருக்காமல் எடுத்துவிட்டார்களாம். நாங்கள் போவதற்குள் சுடுகாட்டில் சாம்பலுக்குப் பால் தெளித்து முடித்திருந்தார்கள். ஜுரத்தில் செத்த பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. குளித்தோம், வழக்கப்படி வரிசையாகக் கொட்டகைக்குப் போனோம், குனிந்து தொட்டோம். காய்ந்த உமி. முன்னால் தொட்டவன் பின்னால் நின்றவனைப் பார்த்தான், அவன் தொட்டான், காய்ந்த உமி. ஊரில் ஒருத்தருக்கும் துக்கம் இல்லை போலிருக்கிறது, எனக்கு மட்டும் எதற்கு வம்பு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு வெளியே வந்தோம். உமிக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கலாம். விடவில்லை. காலனியிலிருந்து யாரோ எழுதிப் போட்ட மொட்டைக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் நாள் போலீஸ் வந்து ஒரு வீடு விடாமல் விசாரித்தபோது நாங்கள் எல்லாரும் ஜுரம் என்றோம், ஒரே மாதிரி சொன்னோம், யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் சொன்னேன்.

பாவாத்தாளிடமும் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங் சார், நான் ஊருக்கு வெளிய இருக்கறன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் உமிக்குள் கை விடவே இல்லை.

அந்தத் தடவை அவளுக்குக் கோழி இருநூற்று எண்பது தேறியது, அப்படி எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தேறியதில்லை, ஒவ்வொன்றும் செம்பருத்திப்பூ மாதிரி கொண்டையோடு நின்றது. தை பிறக்கும் முன்பு எல்லாம் விற்றுப் போயின. கோழி போனபின் பழைய உமியை அள்ளிக் காட்டுக்கு எருவாகப் போடுவது வழக்கம், கோழி எருவுக்கு எப்போதும் கிராக்கி என்பதால் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடையோடும் மண்வெட்டியோடும் போயிருந்தோம். மேல் உமி பூப்போல வந்தது. ஒரு சாண் இறங்கியதும் கனத்தது. அதற்குக் கீழே மண்வெட்டி சளக்கென்று இறங்கியது.

கொட்டகை முழுக்கச் சேறு. கிழக்குத் தெரு இருக்கும் இடம், மேற்குத் தெரு இருக்கும் இடம், கோயில் வீடு, காலனி, ஒரு வீடு பாக்கியில்லாமல் அத்தனை பேருடைய இடத்திலும் கணுக்கால் ஆழத்துக்கு உப்புச் சேறு. வடமேற்கு மூலையில் ஆள் முடங்கிப் படுக்கும் அளவுக்கு மட்டும் மண் வெளிறிக் காய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிக் குழம்பாக நனைந்திருந்தது மயிலாளாக இருக்க வேண்டும், அல்லது குழந்தைவேலாகவே கூட இருக்கலாம், தரை அந்த அளவுக்குப் பிரித்துச் சொல்லாது. நான் என் வீட்டு இடத்தைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரன் இடத்தைப் பார்த்தேன். அவனும் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஐப்பசி செவ்வாய்க்கிழமை எல்லாரும் அழுதிருக்கிறோம். ஒவ்வொருவரும் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு போலீஸிடம் ஜுரம் என்று சொல்லியிருக்கிறோம்.

பாவாத்தாள் அந்தக் காய்ந்த மண்ணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அவ உசுரோட இருந்த வரைக்கும் தெனமும் எனக்குச் சொல்லிட்டுத்தான் இருந்தா" என்றாள். "நான் காஞ்ச தரைக்கு ஆசப்பட்டு அந்தப் புள்ளய மூடிட்டன். உங்களையும் சேத்து மூடிட்டன். நீங்களாச்சும் இப்பப் பாத்துட்டீங்கல்ல. நாலு பேரு வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்."

எரு உப்பாக இருக்கிறது, காட்டுக்கு ஆகாது என்று ஒருவன் சொன்னான். ஆமாம், பயிரைக் கருக்கிவிடும் என்று இன்னொருவன் சொன்னான். அந்தப் பேச்சு சுலபமாக இருந்தது, நாங்கள் எல்லாரும் அதையே கொஞ்ச நேரம் பேசினோம். பாவாத்தாள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள், பிறகு காலைக்கூடக் கழுவாமல் தனியாக டவுனுக்குப் பஸ் ஏறினாள். ஸ்டேஷனில் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, கோழிக் கொட்டகை ஈரத்தையெல்லாம் கேஸில் சேர்க்க முடியாது, ஊர்க்காரர்கள் யாராவது கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அடுத்த வாரம் அவள் அந்தத் தரையை மறுபடி மூட மாட்டேன் என்று கொட்டகையைத் திறந்து போட்டபடி விட்டுவிட்டு, எந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவ்வளவு பாடுபட்டாளோ அந்த அண்ணன் வீட்டுக்கே துணிமணியோடு போய்விட்டாள். பஸ் ஏறும்போது அவளிடம் ஒருவரும் பேசவில்லை, அவளும் எங்களைத் திட்டவில்லை.

மூடாத தரை வெயிலிலும் காயவில்லை. ரோட்டில் போகிற வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, மழையே இல்லாத ஊரில் இங்கே மட்டும் இவ்வளவு சேறு ஏது என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாசி முதல் வாரத்தில் குழந்தைவேல் மில்லிலிருந்து ஒரு டிராக்டர் உமி வந்து கொட்டகை வாசலில் நின்றது. இறக்குவதற்கு யாரையும் கூப்பிடவில்லை. கிழக்குத் தெருவிலிருந்தும் மேற்குத் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும், பெண்களும் ஆண்களும், கூடை உள்ளவர்கள் கூடையோடும் இல்லாதவர்கள் வெறும் கையோடும், ஊரே வந்தது.